ஒன்பது ரயில், இரண்டு முதுகுப்பை: சீனாவைத் தரைவழியாகச் சுற்றப் போகும் தம்பதிகளுக்கு

என் அப்பா திருச்சி பொன்மலைப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ரயில் சத்தம் கேட்காத ஊரில் எனக்கு இன்றைக்கும் தூக்கம் சரியாக வராது. கல்யாணமாகிப் பத்தாவது வருஷம் எங்காவது தூரமாகப் போகலாம் என்று பேச்சு வந்தபோது, "போய் இறங்குவதுதான் விமானத்தில், உள்ளே முழுக்க ரயில்" என்று நான் சொன்னேன். என் கணவரும் சரி என்றார். 2025 அக்டோபர் மூன்றாம் வாரம் கிளம்பினோம். பெய்ஜிங்கில் ஏறி, ஷியான், செங்டூ, சிசாங், பான்சிஹுவா, குன்மிங், குய்லின், யாங்ஷுவோ, குவாங்சோ, சுவான்சோ என்று இறங்கி ஏறி, ஷாமெனில் முடித்தோம். 24 நாள், ஒன்பது ரயில். ரயில் கட்டணம் மட்டும் ஆளுக்குச் சுமார் 1,700 யுவான். ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய்.

திரும்பி வந்ததிலிருந்து, இதே மாதிரி போக ஆசைப்படும் ஜோடிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அதிவேக ரயிலில் மட்டுமே போய்விட்டு வராதீர்கள். 350 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கள் வரும், மனிதர்கள் வர மாட்டார்கள். ஒரு இரவாவது ஆறு பேர் படுக்கும் தடுப்பில் தூங்குங்கள். ஒரு பகலாவது மெதுவாகப் போகும் ரயிலில் உட்காருங்கள். மற்ற தூரத்தையெல்லாம் வேக ரயில் பார்த்துக்கொள்ளும்.

கிளம்பும் முன்

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. அக்டோபர் 1 தொடங்கி ஒரு வாரம் சீனாவுக்குத் தேசிய விடுமுறை. சீனப் புத்தாண்டான வசந்த விழாவை ஒட்டிய நாற்பது நாள், ஊரே சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும் காலம். மே முதல் வாரமும் அப்படியே. தீபாவளிக்கு முந்தின நாள் எழும்பூரில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். அக்டோபர் பின்பாதியும் நவம்பர் முதல் பாதியும் எங்களுக்கு அருமையாக அமைந்தன. வடக்கே ஸ்வெட்டர் குளிர், தெற்கே நம் மார்கழி.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். விசா மனுவோடு வைக்கும் விடுதி முன்பதிவுகள் எல்லாவற்றிலும் உங்கள் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் அறை போட்டுவிட்டு, மற்றவர் எங்கே தங்குகிறார் என்ற கேள்விக்கு இடம் வைக்காதீர்கள்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அவருடையதில் அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கிறது. சீனாவில் ரயில் சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடும் பெயரோடும் கட்டப்பட்டது, ஆகவே இரண்டும் எங்கேயும் மாறக்கூடாது. பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரி இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதையே விசா, விடுதி, ரயில் மூன்றிலும் எழுதினோம். வீட்டில் கூப்பிடுகிற சுருக்கப் பெயர், இனிஷியல் எதையும் சேர்க்கவில்லை. 24 நாளும் தொல்லை வரவில்லை.

கையில் இருக்க வேண்டியவை: பணம் கட்டும் அலிபே செயலி, இருவர் போனிலும். ஒருவர் போன் சார்ஜ் இறங்கினால் மற்றவர் போன்தான் பணப்பை. விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ அதில் இணைத்துவிடலாம். வங்கியில் அந்தக் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்க மறக்காதீர்கள். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கொடுத்தால் வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள், அதனால் பெரிய பில்லை முடிந்தால் இருவரும் பிரித்துக் கட்டுங்கள். ரொக்கமாக ஐந்நூறு யுவான், சில்லறையாக, உள்பையில். கூகுளும் வாட்ஸாப்பும் அங்கே திறக்காது. ஆனால் வெளிநாட்டு ரோமிங் இசிம் போட்டால் இணையம் வெளிநாடு வழியாகச் சுற்றி வருவதால் இரண்டும் வேலை செய்கின்றன. வழி பார்க்க அங்கத்திய ஆமாப் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடம் அங்கே தெருவைத் தள்ளிக் காட்டும்.

சீட்டு எடுப்பது

சீன ரயில்வேயின் அதிகாரப்பூர்வத் தளமும் செயலியும் 12306. வெறும் எண்தான் பெயர். நம் ஐஆர்சிடிசியில் 60 நாளுக்கு முன் திறக்கிறது, அங்கே 15 நாளுக்கு முன்தான். அதனால் ஊரிலிருந்தே எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. விசா வந்த கையோடு கணக்கைத் தொடங்கி, பாஸ்போர்ட் படத்தை ஏற்றிச் சரிபார்ப்பை முடித்து வையுங்கள். ஒருவர் கணக்கிலேயே மற்றவரைப் பயணியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இருவர் சீட்டையும் ஒரே ஆர்டரில் எடுங்கள், அப்போதுதான் பக்கத்துப் பக்கத்தில் இடம் விழும். தனித்தனியாக எடுத்தால் பெட்டியே மாறிவிடும். இடம் இல்லாவிட்டால் 'ஹோபு' என்ற காத்திருப்புப் பட்டியல் உண்டு. பணத்தை முன்னால் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் முழுதும் திரும்பிவிடும். ரத்து செய்தால், எட்டு நாளோ அதற்கு மேலோ இருந்தால் பிடித்தம் இல்லை. அதற்குள் என்றால் 5, 10, 20 சதவீதம் என்று நேரம் நெருங்க நெருங்க ஏறும். தட்கலில் பணம் இழந்து பழகிய நமக்கு இது கருணையான கணக்கு.

ரயிலின் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஜி என்றால் 300, 350 கிலோமீட்டரில் ஓடுவது. டி (D) அதற்கு அடுத்தது. சி பக்கத்து ஊர்களுக்குள் ஓடுவது. இசட், டி (T), கே மூன்றும் பழைய தண்டவாளத்து ரயில்கள், படுக்கைகள் இருப்பவை. எழுத்தே இல்லாமல் வெறும் நான்கு இலக்கம் இருந்தால் அது சின்னச் சின்ன நிலையங்களிலும் நின்று மெதுவாகப் போகும் ரயில். என் மனசு அங்கேதான், பின்னால் வருகிறேன்.

ஜி ரயிலில் இரண்டாம் வகுப்பே போதும். வரிசைக்கு ஐந்து இருக்கை: ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று, மறுபக்கம் டி, எஃப் என்று இரண்டு. ஈ கிடையாது. தம்பதிக்கு டி-எஃப். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுவில் மூன்றாம் ஆள் இல்லை, எஃப் சன்னல். சீட்டு எடுக்கும்போதே திரையில் எழுத்தைத் தொட்டுக் கேட்கலாம். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டி-யையும் எஃப்-ஐயும் மாற்றிக்கொண்டோம்.

நிலையம் என்பது விமான நிலையம்

நம் ஊரில் ரயில் கிளம்ப ஐந்து நிமிஷத்துக்கு முன் ஓடிப் போய்க் கைப்பிடியைப் பிடித்து ஏறுவோமே, அது அங்கே நடக்காது. வாசலில் பாஸ்போர்ட், பிறகு பைகளுக்கு எக்ஸ்ரே, ஆளுக்குச் சோதனை, பிறகு பெரிய காத்திருப்புக் கூடம், பிறகு வாயில். ரயில் கிளம்பச் சில நிமிஷங்கள் இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள். பெரிய நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

காகிதச் சீட்டு இல்லை. பாஸ்போர்ட்டேதான் சீட்டு. சீனர்கள் அடையாள அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சில வாயில்கள் நம் பாஸ்போர்ட்டையும் படிக்கும், சில படிக்காது. வரிசையின் ஓரத்தில் ஆள் நிற்கும் வழி ஒன்று எப்போதும் இருக்கும், நேராக அங்கே போய்விடுவது நல்லது. அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும். முதல் நாள் இரண்டையும் அவரே வைத்திருந்தார். பெண்கள் வரிசையில் நான் வெறுங்கையோடு நின்று, அவரைத் தேடிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரேயில் எங்களுக்கு ஒரு முறை அமைந்தது. ஒருவர் பைகளைப் பெல்ட்டில் வைக்க, மற்றவர் முதலிலேயே சோதனையைக் கடந்து மறுமுனையில் போய் நிற்க வேண்டும். கூட்டம் நெருக்கும் இடத்தில் நம் பை வெளியே வந்து அநாதையாகக் கிடக்காது. கத்தி, பெரிய ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். காய் நறுக்க எடுத்துப் போன மடக்குக் கத்தியை நான் பெய்ஜிங்கில் விட்டுவிட்டு வந்தேன். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்கட்டும். நடுவில் உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், 2025 ஜூன் 28 முதல் சீனாவின் '3சி' பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. பை ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். ஆனால் இருவரும் ஆளுக்கு எட்டு கிலோவில் நிறுத்துங்கள். அந்த நிலையங்களின் நீளத்தை நடக்கும்போது மீதிப் பன்னிரண்டு கிலோ ஏன் வேண்டாம் என்று தோள் சொல்லும்.

இப்போது முக்கியமான பாடம். ஒரே ஊரில் நாலைந்து நிலையம் இருக்கும், பெயரின் கடைசி எழுத்துதான் வித்தியாசம். தொங் கிழக்கு, ஷி மேற்கு, பெய் வடக்கு, நான் தெற்கு. பெய்ஜிங் என்றால் வடக்குத் தலைநகர், ஷியான் என்ற பெயரிலும் அந்த மேற்கு இருக்கிறது. 'நான்' என்றால் தெற்கு என்பது தெற்கத்திக்காரர்களான நமக்கு மறக்கவே மறக்காது என்று நினைத்திருந்தேன். செங்டூவில் எங்கள் சீட்டு செங்டூ நான். நாங்கள் போய் நின்றது செங்டூ தொங். முதல் நாள் அங்கே வந்து இறங்கிய பழக்கத்தில் கால் தானாகப் போய்விட்டது. வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்த பெண் தலையசைத்துத் திரையைக் காட்டியபோதுதான் புரிந்தது. இரண்டு நிலையத்தையும் 7ஆம் எண் வட்ட மெட்ரோ இணைக்கிறது, ஆனால் நேரம் போதாது. மெட்ரோவில் நின்றபடியே அவர் செயலியில் 'காய்ச்சியான்', அதாவது சீட்டு மாற்றம், போட்டு அடுத்த ரயிலுக்கு இருவரையும் மாற்றினார். ரயில் கிளம்பும் முன்னால் செய்துவிட்டால் சுலபம். அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: முந்தின இரவு ஒருவர் நிலையத்தின் பெயரைக் கடைசி எழுத்தோடு வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆறு பேர் தூங்கும் தடுப்பு

பெய்ஜிங்கிலிருந்து ஷியானுக்கு ஜி ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு உள்ளேயே போய்விடலாம். நாங்கள் வேண்டுமென்றே இரவு ரயிலில் போனோம். 'யிங்வோ', கடினப் படுக்கை என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெத்தை, தலையணை, வெள்ளைப் போர்வை எல்லாம் உண்டு. ஒரு பெட்டியில் பதினொரு தடுப்பு, தடுப்புக்கு ஆறு படுக்கை: கீழ், நடு, மேல். நம் மூன்றடுக்குப் பெட்டிதான், ஆனால் சைடு பெர்த் கிடையாது. அந்த இடத்தில் சன்னலோரம் மடக்கு இருக்கையும் சின்ன மேசையும் இருக்கும். கதவு இல்லை. கதவு வேண்டுமென்றால் 'ருவான்வோ', நான்கு படுக்கை, விலை கூட.

எது நல்ல படுக்கை? எல்லாரும் லோயர் பெர்த்துக்கு ஆலாய்ப் பறப்பார்கள். விலையும் அதற்குத்தான் அதிகம். பெரியவர்களோடு போனால் அதுவே சரி. ஆனால் தம்பதிக்கு என் தேர்வு, எதிரெதிரான இரண்டு நடுப் படுக்கை. கீழ்ப் படுக்கையில் பகலெல்லாம் மேல் படுக்கைக்காரர்கள் வந்து உட்காருவார்கள், அது அங்கே வழக்கம். மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. நடுவில் படுத்தால் கைநீட்டும் தூரத்தில் மற்றவர் முகம், இடையில் ஒரு சந்து, அவ்வளவுதான். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். சக்கரச் சத்தம் மட்டும். இருட்டில் அவர் கையை நீட்டி, "தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டார். பொன்மலை குவார்ட்டர்ஸ் வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கவனிக்க வேண்டியவை: பழைய ரயில்களில் பெட்டிக் கோடியில், இணைப்புப் பகுதியில் புகை பிடிப்பார்கள். கோடித் தடுப்பு விழுந்தால் வாடை வரும், நடுத் தடுப்பு விழுந்தால் தப்பித்தீர்கள். சார்ஜ் போடும் இடம் குறைவு. கழிவறை பெரும்பாலும் இந்திய முறைதான், நமக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் காகிதமும் சோப்பும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இறங்கும் ஊர் வருமுன் பெட்டிப் பணியாளர் வந்து எழுப்பிவிடுவார். ஆனாலும் நாங்கள் அலாரம் வைத்தோம்.

கீழ்ப் படுக்கைகளில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். விளக்கணைக்கும் முன் பாட்டி சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றார். பத்து என்றேன். அவர்களுக்கு நாற்பத்தெட்டு. பேரன் ஷியானில் படிக்கிறானாம், வேக ரயிலில் காது அடைக்கிறது என்று இருவரும் எப்போதும் இதில்தான் வருவார்களாம். காலையில் ஷியான் பழைய நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே கோட்டை மதில் நிற்கிறது. வேக ரயில் வந்து சேரும் ஷியான் பெய்யில் இறங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. அது ஊருக்கு வெளியே.

சாப்பாடு

எல்லாப் பெட்டியிலும் வெந்நீர்க் குழாய் உண்டு. 'கைஷுவெய்' என்பார்கள். அதிவேக ரயிலிலும் உண்டு, நிலையத்திலும் உண்டு, காசு இல்லை. ஒரு நல்ல ஃபிளாஸ்க்கும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவும் கொண்டுபோங்கள். சீனர்கள் கப் நூடுல்ஸில் ஊற்றுவார்கள். நான் டப்பாவில் கெட்டி அவலைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி, பத்து நிமிஷம் கழித்து வடித்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்தேன். பருப்புப் பொடியும் இருந்தது. பழம், விதை, பால் பொருள், இறைச்சி எதையும் எல்லைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் எல்லாம் சாப்பிடுவார், நான் சைவம். சைவத்துக்குச் சீனாவில் வழி இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். 'வோ ச்சிர் சூ', நான் சைவம் என்று அர்த்தம். அதை மட்டும் சொன்னால் போதாது. காய்கறிப் பொரியலிலும் பன்றிக்கொழுப்பு ஊற்றலாம், பீன்ஸ் வறுவலில் கொத்துக்கறி தூவுவார்கள், மாப்போ தோஃபு என்ற புகழ்பெற்ற உணவிலும் கொத்துக்கறி உண்டு. 'பன்றிக்கொழுப்பு வேண்டாம், கொத்துக்கறி வேண்டாம், மீன் சாறு வேண்டாம்' என்று சீனத்தில் எழுதி போன் முகப்பில் வைத்துக் காட்டினேன். எங்கும் கிடைப்பவை: உருளைக்கிழங்கை ஊசியாகச் சீவி வினிகரில் புரட்டிய 'தூதோவ்ஸி', கத்தரி-உருளை-குடைமிளகாய் சேர்ந்த 'தி சான் ஷியன்', முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி-முட்டை. புத்தக் கோயில்களுக்குப் பக்கத்தில் முழுச் சைவ உணவகம் இருக்கும்.

ஷியானிலிருந்து செங்டூவுக்குப் போகும் அதிவேகப் பாதை 2017இல் திறந்தது. சின்லிங் மலையைக் குகை குகையாகத் துளைத்துக்கொண்டு போகிறது. இந்த மலைத்தொடர்தான் சீனாவின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிறது. வடக்கே கோதுமை, தெற்கே நெல். ஷியானில் நாலு நாள் விதவிதமான நூடுல்ஸ், எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மலை தாண்டி குகை வெளிச்சத்துக்கு வந்ததும் அறுத்த வயலும் வரப்பும் சன்னலில் ஓடியபோது, "இனிமே சோறு!" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். செங்டூவின் மிளகு பற்றி எச்சரிக்கை: அது காரம் இல்லை, நாக்கை மரக்கவைக்கும். முதல் நாள் கொஞ்சமாகப் பழகுங்கள்.

மெதுவாகப் போகும் ரயில்

தென்மேற்கில் செங்டூவிலிருந்து குன்மிங்குக்கு இரண்டு பாதை. 2022 டிசம்பரில் முழுமையாகத் திறந்த புதிய பாதையில் சரசரவென்று போய்விடலாம். பழைய பாதை 1970இல் முடிந்தது. நூற்றுக்கணக்கான குகைகள், பாலங்கள். மலையேற முடியாத இடத்தில் தண்டவாளம் தன்னையே சுற்றிக்கொண்டு மேலே போகும். கட்டும்போது ஏராளமான தொழிலாளர்கள் உயிரிழந்த பாதை அது.

அந்தப் பழைய பாதையில், லியாங்ஷான் மலைப்பகுதியில், பூஷியொங்குக்கும் பான்சிஹுவாவுக்கும் நடுவே 5633 என்ற ரயில் தெற்கே போகிறது, 5634 வடக்கே வருகிறது. யீ இன மக்களின் ரயில். கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது. மலையில் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் அரசு அந்தக் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறது. கூடை, மூட்டை, ஆடு, கோழி எல்லாம் ஏறும். இவற்றுக்காகவே ஒரு பெட்டியில் இருக்கைகளைக் கழற்றி இடம் விட்டிருக்கிறார்கள்.

செங்டூவிலிருந்து டி (D) ரயிலில் சிசாங் வந்து ஒரு இரவு தங்கி, மறுநாள் 5633இல் ஏறினோம். எதிர் இருக்கையில் கறுப்புத் தலைத்துணி கட்டிய ஓர் அம்மா, காலடியில் மூங்கில் கூடை, அதற்குள் இரண்டு கோழி. மணப்பாறைச் சந்தைக்குப் போகும் முதல் பஸ்ஸில் அத்தையோடு உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்குச் சீனமே சரளமாக வராது, எங்களுக்குச் சுத்தமாக வராது. அதனால் செயலியும் கைகொடுக்கவில்லை. என் மூக்குத்தியைப் பார்த்தார், தன் காதில் தொங்கிய வெள்ளித் தோட்டைக் காட்டினார். கூடைக்குள்ளிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை உரித்துப் பாதியாக்கி இருவருக்கும் கொடுத்தார். உப்புக்கூட இல்லை, அத்தனை ருசி. ஒவ்வொரு சின்ன நிலையத்திலும் பத்துப் பேர் இறங்கினார்கள், பத்துப் பேர் ஏறினார்கள். குளிர்சாதனம் கிடையாது, சன்னலைத் திறக்கலாம். திறந்த சன்னலில் கை வைத்துக்கொண்டு போன ஒரே சீன ரயில் எங்களுக்கு இதுதான்.

போகிறவர்களுக்கு: படம் எடுக்கும் முன் கையால் கேளுங்கள். கூட்டத்தில் உங்கள் பையை மடியில் வைத்து அவர்கள் கூடைக்கு இடம் விடுங்கள், அது அவர்கள் பிழைப்பு. பான்சிஹுவாவில் இருட்டிய பிறகு இறங்குவீர்கள், அதனால் அன்றைக்கு அறையை முன்பே போட்டுவிடுங்கள். மறுநாள் குன்மிங்குக்கு டி (D) ரயில் இருக்கிறது.

தங்கும் இடம்

சுருக்கமாக: விடுதியில் இருவர் பாஸ்போர்ட்டையும் பதிவு செய்வார்கள். கல்யாணச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. இருவர் பெயரும் வேறு வேறாக இருப்பதும் பிரச்சினை ஆகவில்லை. 'தாச்சுவாங்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ஷுவாங்ச்சுவாங்' என்றால் இரண்டு தனிக் கட்டில். விலை ஒன்றாக இருக்கிறதே என்று கவனிக்காமல் அழுத்திவிடாதீர்கள். யார் வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். திபெத்துக்கு ரயில் இருக்கிறது என்று ஆசைப்படுவீர்கள், நாங்களும் பட்டோம். வெளிநாட்டவருக்குத் தனி அனுமதியும் ஏற்பாட்டுச் சுற்றுலாவும் கட்டாயம், முதுகுப்பையோடு நினைத்தபடி ஏற முடியாது.

இன்னொன்று. 24 நாளும் ஒருவர் பக்கத்திலேயே ஒருவர் இருக்கப் போகிறீர்கள். எந்த நாள் யார் வழி பார்ப்பது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை நாள் அவர், இரட்டைப்படை நாள் நான். வழி பார்க்கிறவர் தப்பு செய்தால் மற்றவர் அன்றைக்கு வாய் திறக்கக் கூடாது. செங்டூவில் தப்பான நிலையத்துக்குப் போனது என்னுடைய நாள். மெட்ரோவில் முழு வழியும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

தெற்கும் சுவான்சோவும்

குய்லினிலிருந்து லீ ஆற்றில் படகில் யாங்ஷுவோ. 20 யுவான் தாளின் பின்பக்கத்தில் இருக்கும் மலைகள் அங்கே ஷிங்பிங் ஊரில் நிற்கின்றன. யாங்ஷுவோ என்ற பெயருள்ள ரயில் நிலையமே அந்த ஷிங்பிங் பக்கம்தான், ஆகவே ரயில் நாளன்று யாங்ஷுவோ நகரிலிருந்து கிளம்ப நேரம் விட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து குவாங்சோ, பிறகு கிழக்குக் கடற்கரையோரம் சுவான்சோ.

சுவான்சோவை வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிவிடும். நீங்கள் இரண்டு நாள் கொடுங்கள். சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. நம் வணிகர்கள் அங்கே குடியிருந்து சிவன் கோயிலும் எழுப்பினார்கள். 1281ஆம் ஆண்டுச் சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அப்போது சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். கோயில் இன்று இல்லை, அதன் கற்கள் ஊரெங்கும் சிதறி, பல இப்போது கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ ஊரின் பழைய இடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கையுவான் என்ற பௌத்தக் கோயிலில், பெரிய மண்டபத்தின் பின்புறம் போங்கள். முன்புறத்திலேயே எல்லாரும் நின்றுவிடுவார்கள். பின்னால் இரண்டு கல்தூண்கள், பட்டை பட்டையாகச் செதுக்கியவை, மற்ற தூண்களோடு சேராமல் நிற்கும். உற்றுப் பார்த்தால் நரசிம்மர், கண்ணன். ஸ்ரீரங்கத்துத் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண் அது, நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. "என்னங்க, இங்க வாங்க" என்று நான் கூப்பிட்ட குரலில் பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் வந்து பையை இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சுவான்சோவிலிருந்து ஷாமென் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. விமானம் இருக்கும் நாளில் காலை ரயிலாக எடுங்கள். 2023இல் திறந்த புதிய பாதை வந்த பிறகு சுவான்சோ என்ற பெயரில் நிலையங்களும் கூடிவிட்டன. முந்தின இரவு கடைசி எழுத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.